கப் அடித்தோம், பேப்பரில் வரவில்லை: செட்டிநாட்டு ஊர் அணிகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ராத்திரி முழுக்க ஆடி, விடியற்காலையில் சுழற்கோப்பையைத் தூக்கிக்கொண்டு பையன்கள் ஊருக்குள் வருகிறார்கள். கோயில் வாசலில் வெடி போடுகிறார்கள். மறுநாள் டீக்கடையில் நாலு பேப்பரையும் புரட்டிப் பார்த்தால் ஒரு வரி கிடையாது. "ஏண்ணே, நம்ம செய்தி வரலையா?" என்று கேட்கிற பையனின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

காரைக்குடி பக்கத்தில் ஒரு கிராமத்துக் கபடி அணிக்கு இப்போது நான்தான் செய்தி எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். செய்தி கேட்டு அலைகிற பக்கமும் தெரியும், செய்தி வந்து குவிகிற பக்கமும் தெரியும். ஊர் அணிகளின் செய்தி வராமல் போவதற்குப் பெரும்பாலும் பகையோ பாரபட்சமோ காரணம் இல்லை. எங்கோ ஒரு இடத்தில் சின்னதாக அடைத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம்.

கபடியை வைத்து எழுதியிருக்கிறேன். கைப்பந்து, கால்பந்து, சிலம்பம் என்று எதற்கும் பெரும்பகுதி பொருந்தும். உங்கள் கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

"செய்தி அனுப்பினோம், வரவே இல்லை"

மூன்று விஷயங்களைப் பாருங்கள்: யாருக்கு அனுப்பினீர்கள், எத்தனை மணிக்கு, எந்த வடிவத்தில்.

முதலில், யாருக்கு. பேப்பரில் போட்டிருக்கும் அலுவலக எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். ஊர்ச் செய்தி அந்த வழியாகப் போவது அபூர்வம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு நிருபர் இருப்பார், பெரும்பாலும் பகுதி நேரம். அவர் எழுதுவது மதுரை டெஸ்க்குக்குப் போகும். அங்கே உதவி ஆசிரியர் சுருக்கித் தலைப்புப் போட்டு மாவட்டப் பக்கத்தில் வைப்பார். இந்தச் சங்கிலியில் உங்களை முகம் பார்த்துத் தெரிந்தவர் முதல் ஆள் ஒருவர்தான். அவருடைய எண் உங்களிடம் இல்லையென்றால், பேப்பர் ஏஜெண்டிடம் கேளுங்கள். காலையில் கட்டுப் பிரிக்கிறவருக்கு எல்லா நிருபரையும் தெரியும்.

போட்டிக்கு முன்னாலேயே ஒரு நாள் நிருபரை நேரில் போய்ப் பாருங்கள். அவருக்கு அன்றைக்கு போலீஸ் ஸ்டேஷன், மாநகராட்சி அலுவலகம், ஒரு கோயில் விழா, பைபாஸில் ஒரு விபத்து எல்லாம் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பைக், ஒரே ஆள். உங்கள் மைதானத்தில் வந்து இரண்டு மணி நேரம் உட்கார அவரால் முடியாது. பத்து நிமிடத்தில் வேலை முடிகிற மாதிரி நீங்கள் கொடுத்தால் அவர் போடுவார்.

அடுத்தது நேரம். என் அனுபவத்தில் மாலை 5 மணிக்குள் போய்ச் சேர்ந்த செய்திக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். 7 மணிக்கு மேல் போனால் நிருபர் டெஸ்க்கில் யாரையாவது கெஞ்ச வேண்டும். 9 மணிக்கு மேல் கொலை, விபத்து தவிர எதையும் கேட்கவே தயங்குவார். மாவட்டப் பக்கங்களை முதல் பக்கத்துக்கு வெகுநேரம் முன்பே முடித்துவிடுவார்கள் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது.

மூன்றாவது வடிவம். செய்தி சாவதே இங்கேதான். டிடிபி கடையில் லெட்டர்பேடில் அழகாக அடித்து, முத்திரை வைத்து, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நிருபர் அதைப் பார்த்து மறுபடி முழுக்க டைப் செய்ய வேண்டும். பிடிஎஃப் அனுப்பினாலும், கடையில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் நகலெடுத்து ஒட்டும்போது "கபடி" என்று வரவேண்டிய இடத்தில் "fgb" என்பதுபோல் குப்பைதான் வரும், தமிழ் வராது. நான் நிருபராக இருந்தபோது இப்படி வந்தவற்றை நேரம் இருந்தால் பார்ப்போம் என்று தள்ளிவைத்திருக்கிறேன். பல நாள் அந்த நேரம் வந்ததே இல்லை. அதனால் செல்போன் விசைப்பலகையிலேயே யூனிகோடில் அடித்து, சாதாரண வாட்ஸ்அப் செய்தியாக அனுப்புங்கள். லெட்டர்பேடு வேண்டுமென்றால் பின்னால் தனியாகப் போகட்டும்.

உள்ளே என்ன எழுதுவது? வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: "எங்கள் அணி மாபெரும் வெற்றி வாகை சூடியது. ஆதரவளித்த அனைத்து நல்லுள்ளங்களுக்கும், பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி." இதில் செய்தி எங்கே இருக்கிறது? யாரை வென்றார்கள், எங்கே, எந்தத் தேதியில், எத்தனை புள்ளி, ஒன்றும் இல்லை. நிருபர் திரும்ப உங்களுக்குப் போன் செய்ய வேண்டும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

நான் பையன்களுக்குக் கொடுத்திருக்கும் மாதிரி இது. புள்ளி வைத்த இடங்களை நிரப்பினால் போதும்:

"காரைக்குடி, மே 12: காரைக்குடி அருகே ……… கிராமத்தில் நடந்த மின்னொளி கபடிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ……… அணி 31-28 என்ற புள்ளிக் கணக்கில் ……… அணியை வென்று சுழற்கோப்பையைக் கைப்பற்றியது. சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து 24 அணிகள் இரண்டு நாள்கள் விளையாடின. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது பின்தங்கியிருந்த ……… அணியில் களத்தில் மூன்று பேர் மட்டுமே இருந்தனர். அந்த நிலையில் எதிரணி ரெய்டரை மடக்கி 2 புள்ளிகள் எடுத்தது. ………, ……… ஆகியோர் சிறப்பாக ஆடினர். சிறந்த ரெய்டராக ……… தேர்வு பெற்றார்."

முதல் வாக்கியத்திலேயே யார், எங்கே, எப்போது, எத்தனை என்று எல்லாம் வந்துவிடுகிறது. இடம் இல்லையென்றால் டெஸ்க்கில் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள். கடைசி மூன்று வாக்கியம் போனாலும் முதல் வாக்கியம் தனியாக நிற்கும். அந்த மூன்று பேர் மடக்கியதை ஏன் எழுதினேன் என்றால், ஆட்டத்தைப் பார்க்காத உதவி ஆசிரியருக்கும் அங்கே ஒரு நிமிடம் ஆட்டம் தெரியும். களத்தில் மூன்று பேரோ குறைவாகவோ இருந்து மடக்கினால் அது சூப்பர் டேக்கிள், அதற்கு ஒரு புள்ளி கூடுதல் என்று செய்தியில் விளக்க வேண்டியதில்லை. "2 புள்ளிகள்" என்றாலே கபடி தெரிந்தவர்களுக்குப் புரியும்.

"பைனல் விடிய விடிய நடந்தது, செய்தி பழசாகிவிட்டது என்கிறார்கள்"

நம் பக்கத்து மின்னொளிப் போட்டிகளில் இறுதி ஆட்டம் காலை 3 மணிக்கோ 4 மணிக்கோதான் தொடங்கும். அந்த நேரத்தில் பேப்பர் அச்சாகி வேனில் வந்துகொண்டிருக்கும். ஞாயிறு விடியலில் ஜெயித்ததை ஞாயிறு மதியம் தூங்கி எழுந்து, திங்கள் காலையில் அனுப்பினால், அது செவ்வாய்க்கிழமை பேப்பருக்குத்தான் போகும். இரண்டு நாள் கடந்துவிட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இதற்கு ஒரே மருந்து, ஆடாத ஒருவரைச் செய்திக்கென்று வைப்பது. காயம்பட்டு வெளியில் இருக்கும் பையனாக இருந்தாலும் சரி, பழைய ஆட்டக்காரராக இருந்தாலும் சரி. அவர் முதல் நாள் மாலை 5 மணிக்கே ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும்: போட்டி தொடங்கியது, இத்தனை அணிகள், யார் தொடங்கி வைத்தார், எந்த அணிகள் அடுத்த சுற்றுக்குப் போயின. ஞாயிறு பேப்பரில் அது வரும். ஞாயிறு காலை 10 மணிக்குள் முடிவை அனுப்பினால், திங்கள் பேப்பருக்கு அது புதுச் செய்திதான். "நேற்று அதிகாலை முடிந்த இறுதிப் போட்டியில்" என்று எழுதலாம். ஒரே போட்டிக்கு இரண்டு செய்தி கிடைத்துவிட்டது.

தேதி குறிக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். பொங்கல், தீபாவளிக்கு நாளிதழ்களுக்கு விடுமுறை உண்டு, மறுநாள் பேப்பர் இருக்காது. தை 3-ம் தேதி சிறாவயல் மஞ்சுவிரட்டு. அன்றைக்கு மாவட்டத்தில் இருக்கிற எல்லா நிருபரும் கேமராவும் அங்கேதான் நிற்கும். மறுநாள் பக்கம் முழுக்க மாடுதான். அந்த நாளில் உங்கள் பைனல் என்றால் நாலு வரிக்குமேல் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாரம் தள்ளி வைத்த போட்டிக்குப் படத்தோடு செய்தி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"செய்தி வந்ததாம், ஆனால் எங்கள் ஊர் பேப்பரில் காணோம்"

இது நம் பகுதிக்கே உரிய கோளாறு. செட்டிநாடு என்பது ஒரு மாவட்டம் இல்லை. காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம், விராச்சிலை, குழிபிறை, நச்சாந்துபட்டி, பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். மக்களுக்குள் கொள்வினை கொடுப்பினை எல்லாம் ஒன்றாக இருக்கலாம். பேப்பருக்கு அது வேறு வேறு பதிப்பு. சிவகங்கை மாவட்டச் செய்தி பெரும்பாலும் மதுரைப் பதிப்பிலும், புதுக்கோட்டை மாவட்டச் செய்தி திருச்சிப் பதிப்பிலும் வரும். மதுரைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு பழசு. தினத்தந்தி 1942-ல் தொடங்கியதே மதுரையில்தான்.

ராயவரத்துப் பையன்கள் காரைக்குடியில் கப் அடித்தால் என்ன ஆகும்? போட்டி நடந்த ஊர் நிருபர் எழுதுவார், மதுரைப் பதிப்பில் வரும். பையன்களின் அப்பா அம்மா ராயவரத்தில் திருச்சிப் பதிப்பைப் புரட்டிவிட்டு, "ஒண்ணும் வரலையே" என்பார்கள். வந்திருக்கிறது, 20 கிலோமீட்டர் தள்ளி.

உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிய வேண்டுமா? கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டு வெளியிடுபவர் யார், ஆசிரியர் யார், எந்த ஊரில் எந்த முகவரியில் அச்சானது என்று. சட்டப்படி அது இருந்தாக வேண்டும். அதைப் படித்தால் மதுரையா திருச்சியா என்று தெரிந்துவிடும். அப்புறம் வழி சுலபம். போட்டி நடந்த ஊர் நிருபருக்கு ஒரு செய்தி, அணியின் சொந்த ஊர் நிருபருக்கு ஒரு செய்தி. இரண்டாவதில் முதல் வாக்கியத்தை மாற்றுங்கள்: "புதுக்கோட்டை மாவட்டம் ராயவரத்தைச் சேர்ந்த அணி" என்று தொடங்குங்கள். அப்போதுதான் திருச்சி டெஸ்க்கில் இருப்பவருக்கு இது தன் பக்கத்துச் செய்தி என்று படும்.

"விருந்தினர் பெயரெல்லாம் வந்தது, பிள்ளைகள் பெயர் ஒன்றுகூட இல்லை"

இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்கள் அணி மாவட்ட அளவில் ஜெயித்தது. செய்தி பத்து வரி வந்தது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், பரிசு வழங்கியவர், வரவேற்றவர், நன்றி கூறியவர் என்று பதினான்கு பெயர். ஆடிய ஏழு பிள்ளைகளில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. அணித் தலைவியின் அம்மா வீட்டு வேலைக்குப் போகிற இடத்தில் பேப்பரைக் கேட்டு வாங்கி வந்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவி மகளின் பெயரைத் தேடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் அவருக்குப் படிக்க வரும். இரண்டு தடவை தேடிவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார்.

நிருபரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைத்தது அழைப்பிதழ் மட்டும்தான். அழைப்பிதழில் விருந்தினர் பெயர்தானே இருக்கும்? அதைப் பார்த்து எழுதினார். தப்பு நம் பக்கம்.

மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, போட்டிக்கு முன்பே ஆட்டக்காரர் பட்டியலைத் தயார் செய்து நிருபரிடம் கொடுத்துவிடுங்கள். கபடியில் களத்தில் ஏழு பேர், மாற்று ஆட்டக்காரரோடு பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பெயரும் தலைப்பெழுத்தோடு, ஊரோடு, படிப்போ வேலையோ ஒரு சொல்லோடு. இரண்டாவது, செய்தியில் ஆட்டக்காரர் பெயரை முதல் பத்தியிலேயே வையுங்கள், விருந்தினரைக் கடைசிப் பத்திக்குக் கொண்டுபோங்கள். மேலே சொன்னேன், கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள். மூன்றாவது கொஞ்சம் தர்மசங்கடமான வேலை. நன்கொடை கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். "அண்ணே, உங்க பேரு பிளக்ஸ்ல பெருசா இருக்கு, மைக்ல நாலு தடவை சொல்றோம். பேப்பர்ல மட்டும் புள்ளைங்க பேரு முதல்ல வரட்டும்" என்று சொன்னால், நான் பார்த்தவரை ஒருவரும் மறுத்ததில்லை. சிலர் சந்தோஷப்பட்டார்கள்.

முதலமைச்சர் கோப்பை மாதிரி அரசுப் போட்டி என்றால், மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து செய்திக் குறிப்பு போகும். அதில் ஆட்சியர், அமைச்சர், மொத்தம் எத்தனை பேர் பங்கேற்றார்கள் என்பதெல்லாம் இருக்கும். உங்கள் ஊர்ப் பிள்ளை இருக்க வாய்ப்பு குறைவு. அன்றைக்கே உங்கள் ஊர் நிருபருக்குத் தனியாக எழுதுங்கள்.

"படம் அனுப்பினோம், போடவில்லை"

பெரும்பாலான படங்கள் இரண்டு காரணத்தால் விழுகின்றன. ஒன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். போனில் நன்றாகத் தெரியும், அச்சில் கலங்கும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், மூலப் படம் அப்படியே போகும். இரண்டு, டிசைன் செய்த படம். பூ வைத்த பிரேம், மூலையில் அணியின் லோகோ, நடுவில் "வாழ்த்துகள்" என்று பொன் எழுத்து. அதை எந்தப் பேப்பரும் போட முடியாது. கைபடாத படம்தான் வேண்டும்.

எப்படி எடுப்பது? மின்விளக்குக்கு முதுகு காட்டி நில்லுங்கள், வெளிச்சம் ஆட்டக்காரர் முகத்தில் விழ வேண்டும். கோட்டின் மூலைப் பக்கம் தரையோடு உட்கார்ந்து எடுத்தால், பாடி வருகிறவனின் நீட்டிய கையும், பின்னால் நான்கு பேர் அவன் மேல் பாய்வதும் ஒரே சட்டத்துக்குள் வரும். செம்மண் தூசி விளக்கொளியில் எழும்புவது இருக்கிறதே, அதற்கு ஈடான காட்சி மேட் (விரிப்பு) போட்ட எந்த அரங்கத்திலும் கிடையாது. போனில் தொடர்ந்து பத்துப் பதினைந்து படம் எடுக்கிற வசதி இருக்கும், அதை அழுத்திப் பிடியுங்கள், ஒன்றாவது தேறும். படுக்கை வாக்கில் எடுங்கள்.

கோப்பையோடு நிற்கிற குழுப் படமும் ஒன்று வேண்டும். விருந்தினர் முன்னால் நின்று பையன்கள் தலை மட்டும் தெரிகிற படம் வேண்டாம். ஆட்டக்காரர்கள் முன் வரிசையில் முழங்காலிட்டு இருக்கட்டும். "இடமிருந்து வலம்" என்று தொடங்கிப் படவிளக்கம் எழுதி அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள். படவிளக்கம் இல்லாத படத்தை யார் என்று தெரியாமல் யாரும் போட மாட்டார்கள்.

"பெயர் தப்பு, ஊர் தப்பு"

ஊர்ப் பெயரில் நமக்கு இரண்டு பொறிகள் இருக்கின்றன. திருப்பத்தூர் என்று மட்டும் எழுதினால், 2019-ல் உருவான திருப்பத்தூர் மாவட்டம் என்று டெஸ்க்கில் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இணையத்தில் செய்தி போடும்போது அந்த மாவட்டத்தின் கீழே போய்விடும். "சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர்" என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். கொத்தமங்கலமும் அப்படித்தான். கானாடுகாத்தான் பக்கத்தில் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கத்தில் ஒன்று. புதுப்பட்டிகளைச் சொல்லவே வேண்டாம்.

ஆள் பெயரைப் பொறுத்தவரை, கூப்பிடுகிற பெயரை எழுதாதீர்கள். மைதானத்தில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரை, அதே எழுத்தில், தலைப்பெழுத்தோடு கொடுங்கள். போனில் சொல்லி எழுதவைத்தால் தப்பு வரத்தான் செய்யும்.

தப்பு வந்துவிட்டால்? கோபமாகப் போன் செய்ய வேண்டாம். நிருபருக்கு ஒரே ஒரு செய்தி: தேதி, பக்கம், தப்பாக வந்தது, சரியானது. அதோடு, திருத்தம் போட முடியுமா, அல்லது இணையப் பதிப்பில் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இணையத்தில் பெரும்பாலும் அன்றைக்கே மாற்றிவிடுவார்கள்.

"விளம்பரம் கொடுத்தால்தான் செய்தி என்கிறார்"

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான பேப்பரின் உண்மையான நிருபருக்கும் விளம்பரம் பிடிக்கிற சுமை உண்டு. பொங்கல் மலர், தீபாவளி மலர் வரும்போது அவர் தலையில் ஒரு தொகை ஏறும். அவர் கேட்டால், முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். கொடுத்தால் அது விளம்பரமாக, விளம்பரம் என்று தெரிகிற மாதிரி வரட்டும், ரசீது வாங்குங்கள். செய்திக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். பெட்ரோல் காசு என்று கவர் கொடுக்கிற பழக்கத்தை ஆரம்பிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு தடவை கொடுத்தால் அடுத்த அணியும் கொடுத்தாக வேண்டும். காசில்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் செய்தி அப்போது கடைசிக்குப் போய்விடும். உட்கார நாற்காலி, ஒரு டீ, புள்ளிப் பட்டியலின் நகல், இவ்வளவு போதும். நான் நிருபராக இருந்தபோது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது அந்த நகல்தான்.

இன்னொரு வகை, பைக்கில் "பிரஸ்" ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போட்டியன்று நாலைந்து பேராக வருவது. எங்கள் போட்டி ஒன்றில் அப்படி வந்தவர்களுக்குக் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர் பயந்து பணம் கொடுத்துவிட்டார். எந்தப் பேப்பரிலும் செய்தி வரவில்லை. அப்படி ஒரு பேப்பரை யாரும் பார்த்ததும் இல்லை. சந்தேகம் வந்தால் மரியாதையாக இரண்டு கேளுங்கள்: உங்கள் பத்திரிகையின் போன இதழ் ஒன்று காட்டுங்கள், பதிவு எண் என்ன? நாட்டில் வெளிவரும் ஒவ்வொரு பத்திரிகையும் பதிவு செய்திருக்க வேண்டும். முன்பு ஆர்.என்.ஐ. என்று சொன்னோம், 2023-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அது பத்திரிகைப் பதிவாளர் ஜெனரல் அலுவலகம். பத்திரிகையின் பெயரை அவர்களுடைய இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

"சண்டை மட்டும் செய்தியாக வந்தது"

நடுவர் தீர்ப்பில் தகராறு, கைகலப்பு, போலீஸ் வந்தது என்றால் அது ஸ்டேஷன் வழியாக நிருபருக்குப் போய்விடும். போடாதே என்று தடுக்கப் பார்க்காதீர்கள், அது சந்தேகத்தைத்தான் கூட்டும். ஒரே ஒருவர் மட்டும் பேசுங்கள். என்ன நடந்தது, யாருக்குக் காயம், போட்டி தொடர்ந்ததா நின்றதா என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பையன்கள் ஆளுக்கொன்று எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டும் செய்தியாகும்.

"ஜெயித்தால் நாலு வரி வருகிறது, மற்ற நாளில் எங்களை யாருக்கும் தெரியவில்லை"

வெற்றி என்பது ஒரு நாள் செய்தி. மற்ற 364 நாளும் உங்கள் அணியைச் சுற்றி செய்தி கிடக்கிறது, நமக்குப் பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை.

எங்கள் பையன்கள் தண்ணீர் வற்றிய மாதங்களில் ஊருணிக் கரையை ஒட்டிய பொட்டலில் ஆடுவார்கள். 13 மீட்டருக்குப் 10 மீட்டர் களத்தைக் கயிறு பிடித்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். மழை வந்தால் களம் போய்விடும். ஆனால் மாவட்ட அளவுக்கு மேலே போனால் ஆட்டம் மேட் விரிப்பில். மண்ணில் வெறுங்காலில் ஆடிப் பழகியவனுக்கு மேட் மேல் ஷூ போட்டு ஆடும்போது கால் நிற்காது. திரும்புகிற இடத்தில் முழங்கால் வாங்கும். 2014-ல் புரோ கபடி லீக் வந்து, 2017-ல் அதில் நம் மாநில அணியாகத் தமிழ் தலைவாஸ் சேர்ந்த பிறகு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மேட் கனவு வந்துவிட்டது, மேட் மட்டும் வரவில்லை. இதை ஒரு நிருபரிடம் மைதானத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினோம். வெறுங்காலும் ஷூவுமாக ஒருவன் இரண்டு விதத்திலும் திரும்பிக் காட்டினான். அரைப் பக்கம் வந்தது. அதைப் படித்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பன்னிரண்டு ஜோடி ஷூ வாங்கி அனுப்பினார்.

இப்படிச் செய்தியைக் கொண்டுபோகும்போது பரீட்சை முடிந்த ஏப்ரல், மே நல்ல காலம். பள்ளிச் செய்தி குறைந்து பக்கத்தில் இடம் இருக்கும். கல்யாணமான பிறகும் ஆடுகிற பெண், பகலில் கொத்தனார் வேலை பார்த்து மாலையில் பயிற்சிக்கு வருகிற ரெய்டர், நாற்பது வருஷமாக விசில் ஊதுகிற நடுவர், யாரைப் பற்றியும் சொல்லலாம். ஆனால் முதலில் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். வறுமையைப் படம் பிடித்துக் காட்டுவது ஒரு பிள்ளைக்குக் கூச்சமாக இருந்தால், அந்தச் செய்தி வேண்டாம்.

உள்ளூர் கேபிள் சேனல்களையும் விடாதீர்கள். அவர்களுக்கு ஆட்டத்தின் 30 வினாடி வீடியோ போதும். ஒரு ரெய்டுக்கு விதியே 30 வினாடிதான், ஒரு முழு ரெய்டை அப்படியே கொடுத்துவிடலாம்.

"போன வருஷம் வந்த செய்தியைத் தேடினால் கிடைக்கவில்லை"

மின்பேப்பரில் பழைய நாள்கள் எப்போதும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். வந்த அன்றைக்கே முழுப் பக்கத்தையும் சேமித்துவிடுங்கள். செய்தியை மட்டும் வெட்டிச் சேமித்தால் பின்னால் எந்தப் பேப்பர், எந்தத் தேதி என்று தெரியாது. அச்சுப் பேப்பரில் இரண்டு படி வாங்குங்கள். செய்தித்தாள் வெயிலில் சீக்கிரம் பழுப்பேறி நொறுங்கும், அதனால் லேமினேட் செய்து சுவரில் மாட்டுவது ஒன்று, இருட்டான பெட்டியில் வைப்பது ஒன்று.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ், பத்திரிகை நறுக்கு என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு, அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. நம் பக்கத்து ஊர்க்காரர் செய்த வேலை அது.

எங்கள் அணிக்கு ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு நறுக்கையும் மைதா பசையில் ஒட்டி, ஓரத்தில் பென்சிலால் பேப்பரின் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் எழுதுகிறோம். கீழே, செய்தியில் விடுபட்ட பெயர்களையும் சேர்த்து, அன்றைக்கு ஆடிய பன்னிரண்டு பேரின் பெயரையும் முழுதாக எழுதி வைக்கிறோம். அந்தப் பெண்கள் அணியின் பக்கத்தில் அணித் தலைவியே தன் கையால் எழுதினாள், முதல் பெயராகத் தன் பெயரை.